நீலக் கிளிப்

பெற்ற மகளே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்கான அத்தாட்சி ஒன்றாம் வகுப்புச் சுவரில், ஊரே பார்க்கும்படி தொங்கிக்கொண்டிருந்தது.

பெரிய அட்டை ஒன்று. சிரிக்கிற முகம், உம்மென்ற முகம், கோபமான முகம், அழுகிற முகம் என்று வரைந்திருந்தது. காலையில் வந்ததும் பிள்ளைகள் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்து, இன்றைக்கு வெயிலா மேகமா என்று சொல்ல வேண்டும். பிறகு, பெயர் எழுதிய துணி கிளிப்பைத் தங்கள் மனசுக்கு ஏற்ற முகத்தின் ஓரத்தில் மாட்ட வேண்டும். மணி கோர்த்து எண்ணுவதும் களிமண்ணில் எழுத்து உருட்டுவதும் அப்புறம்தான்.

சிரிக்கிற முகத்தில் இடம் போதாமல் கிளிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. உம்மென்றதற்கும் கோபத்துக்கும்கூட ஆள் இருந்தது. அழுகிற முகத்தில் மட்டும் ஒற்றை நீலக் கிளிப். அது அவள் மகளுடையது.

"அட்டை மாட்டின நாள்லேர்ந்து இவ இங்கதான் மாட்டுறா. அதான் உங்க ரெண்டு பேரையும் வரச் சொன்னேன்" என்றாள் டீச்சர்.

மருந்துக்கடை கவுன்ட்டரில் கெஞ்சிக் கூத்தாடி பர்மிஷன் வாங்கி வந்திருந்தாள் அவள். கணவன் டிரைவிங் ஸ்கூல் காரை வாசலில் நிறுத்திவிட்டு வந்திருந்தான். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க, இருவரும் தண்டனை வாங்கியவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். வாலு என்று வீட்டில் பெயரெடுத்த மகளோ புத்தக மூலையில் இருந்தாள். புது பொம்மைகளையெல்லாம் விட்டுவிட்டு, காது பிய்ந்த கரடியை மடியில் வைத்துக்கொண்டு அதற்குப் படக்கதை படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் ஒரு மக்கைக் கொடுத்து, வெளியே வராந்தாவில் இருக்கும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வரச் சொன்னதும் குதித்துக்கொண்டு ஓடினாள்.

"வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" டீச்சர் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மறைக்காதீங்க. பிள்ளைங்களுக்கு எல்லாம் தெரியும். வாயால சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்."

அவளுக்கு மானம் கப்பலேறியது போல இருந்தது. விடியுமுன் எழுந்து சமைத்து, தலை பின்னி, ஷூ துடைத்து அனுப்புகிறாள். ராத்திரி நின்று நின்று கால் வீங்கி வந்தாலும் கதை சொல்லாமல் தூங்கவைத்ததில்லை. போன வாரம் பாலைக் கொட்டியதற்கு முதுகில் ஒன்று வைத்தது உண்மைதான். அதற்காக, தினமும் வந்து அழுகிற முகத்திலா மாட்டுவது? என்ன குறை வைத்தேன் உனக்கு என்று மனசு குமுறியது.

அடித்ததையும் அவளே சொன்னாள். வேலைக்குப் போகிறோமே, அதனால்தான் பிள்ளை ஏங்கிவிட்டாளோ என்றாள். டீச்சர் கணவனைப் பார்த்தாள். அவன் கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"பாப்பா மேலயும் தப்பில்ல, இவ மேலயும் தப்பில்ல" என்றான் கடைசியில். "நான் போன்ல பேசினத அவ கேட்டிருப்பா. அதான்."

"என்ன பேசினீங்க?"

சாவி நின்றது. "எனக்கு மட்டும் தனியா வீடு பார்த்துட்டேன். ஸ்கூல் லீவு விட்டதும் போயிடலாம்னு இருக்கேன். என்னால இனிமே முடியலப்பா. அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

அவளுக்கு முதலில் விளங்கவே இல்லை. நேற்றுதான் இருவரும் சேர்ந்து ஜன்னலுக்குத் திரைச்சீலை மாட்டினார்கள். ஸ்டூலில் ஏறி நின்றவன், நேராக இருக்கிறதா பார் என்று அவளைத்தான் கேட்டான். விட்டுவிட்டுப் போகிற வீட்டுக்குத் திரைச்சீலை எதற்கு?

"யார்கிட்ட பேசினீங்க?"

"தங்கச்சிகிட்ட."

ஞாயிற்றுக்கிழமைதான் அந்தத் தங்கை போன் செய்து, அண்ணி அண்ணி என்று அரை மணி நேரம் உருகிவிட்டு வைத்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தன்னைச் சுற்றி எல்லோரும் சேர்ந்துகொண்டு நடித்திருக்கிறார்கள். பாவம், இந்தப் பச்சை மண் ஒன்றுதான் மனசில் பூட்டி வைத்துக்கொண்டு தினமும் இங்கே வந்து அழுதிருக்கிறது. அதைப் போய்க் கோபித்துக்கொண்டோமே என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. அந்நிய இடம் என்றும் பார்க்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கணவன் ஜன்னல் பக்கம் எழுந்து போய் நின்றுகொண்டான்.

காலி மக்கோடு மகள் உள்ளே வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். மக்கைக் கீழே வைத்துவிட்டு நேராக வந்து, அம்மாவின் குட்டி நாற்காலியிலேயே இடித்துப் பிடித்து இடம் பண்ணி, ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

டீச்சருக்கே கண் கலங்கிவிட்டது. எதிரில் மண்டியிட்டு, "அப்பா போன்ல பேசினதைக் கேட்டியாம்மா?" என்றாள் மெதுவாக.

"எந்த போன்?"

"வீட்டுல உனக்கு ஏதாவது கஷ்டமா இருக்கா?"

"இல்லையே. ஜாலியாத்தான் இருக்கேன்."

ஜன்னலருகே நின்றவன் சட்டென்று திரும்பினான்.

"அப்புறம் ஏம்மா தினமும் உன் கிளிப்பை அங்க மாட்டுற?"

மகள் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த அழுற பாப்பாகூட யாருமே இல்லையே, மிஸ்."