மெஷினில்தான் கோளாறு

லேப் டெக்னீஷியன் ரத்தப் பரிசோதனை மெஷினை மறுபடி ஓட்டினார். நாலுக்குள் நிற்க வேண்டிய எண்ணை, மூன்றாவது முறையாக மெஷின் பதினெட்டு என்று காட்டியது.

மெக்கானிக்கை அவசரமாக வரவழைத்தார்.

"புரோஸ்டேட் டெஸ்ட்ல பதினெட்டுன்னு தாறுமாறா காட்டுது தம்பி. நேத்து மட்டும் பதினோரு பேருக்கு ரிப்போர்ட் குடுத்திருக்கேன். புற்றுநோய் இல்லாதவரை இருக்குன்னு அனுப்பியிருந்தா, அந்தப் பாவம் என் தலையிலதான்."

மெக்கானிக் மெஷினைக் கழற்றி மாட்டினான். கம்பெனி கொடுத்த சோதனைத் திரவத்தை ஊற்றினான். சரியாக வந்தது. சந்தேகம் தீரத் தன் ரத்தத்தையே எடுத்து வைத்தான். ஒன்றுக்கும் கீழே.

"மெஷின் கல்லு மாதிரி இருக்கு சார். உங்க ரிப்போர்ட் எல்லாம் சரிதான்."

டெக்னீஷியன் முகம் தெளியவில்லை. "இன்னொரு தரம் பாரு தம்பி. எங்கயாவது கோளாறு இருக்கும்."

"அந்தப் பதினெட்டு யாரோட ரத்தம்?"

"மெஷின் மேல சந்தேகம் வந்தா எப்பவும் அந்த ஒரு ஆளோட ரத்தத்தைத்தான் வைப்பேன். ஒரு குறையும் இல்லாத உடம்பு."

"இதுக்கு முன்னாடி கடைசியா எப்ப வச்சீங்க?"

"மூணு வருஷம் இருக்கும்."

"மூணு வருஷத்துல என்ன வேணா ஆகியிருக்கலாம். அவரை இன்னைக்கே டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க. சீக்கிரம் பார்த்தா பொழைச்சுக்கலாம்னு நீங்கதானே வர்றவங்களுக்கெல்லாம் சொல்றீங்க?" மெக்கானிக் போனை எடுத்தான். "நம்பர் சொல்லுங்க, நானே பேசறேன்."

டெக்னீஷியன் சட்டைக் கையை மெல்ல மேலே மடித்தார்.

முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.