எடுக்க மட்டும் தெரிந்த டாக்டர்

அநியாயம் நடந்தது ஜார்ஜுக்கு. செய்தவர் டாக்டர் சந்திரமதி. பக்கத்துக் கட்டில்காரருக்கு மஞ்சள் நிறப் பிளாஸ்மா பை பையாக ஏறிக்கொண்டிருந்தது. கல்லீரல் செயலிழந்து, ரத்தம் உறையாமல் கிடந்த ஜார்ஜுக்கு மட்டும் ஒரு பை கூடக் கிடையாது.

மகள் கிம்பர்லிக்கு அது போதாதா? பல்கலைக்கழக விவாதக் குழுவில் எதிரணியை அழவைத்து அனுப்புகிறவள். பெற்ற அப்பாவுக்கு ஓரவஞ்சனை என்றால் விடுவாளா?

ஜார்ஜ் ஜூரோங் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். பல்வலிக்கு ஒரு மாத்திரை, கூடவே வந்த காய்ச்சலுக்கு இன்னொரு மாத்திரை என்று ஒரு வாரமாக விழுங்கிவிட்டு கம்பெனி பஸ் ஏறியிருக்கிறார். பெட்டிதான் வேறு வேறு, உள்ளே இருந்தது ஒரே மருந்து. அது கல்லீரலுக்குத்தான் தெரிந்தது. கண் மஞ்சளாகி, பேச்சு குழறி, இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்தார்.

"டாக்டர், எங்க அப்பாவுக்கு ரத்தம் உறையலைதானே?"

"ஆமா."

"பிளாஸ்மா குடுத்தா உறையும்தானே?"

"உறையும்."

"அப்ப குடுக்க வேண்டியதுதானே?"

"இப்ப வேண்டாம். ரத்த டெஸ்ட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கோம்."

"பக்கத்து பெட்டுக்கு மட்டும் இப்பவே வேணுமா?"

"இன்னொரு பேஷண்டைப் பத்தி உங்ககிட்ட நான் பேச முடியாதும்மா."

அம்மா மிரண்டா மகளின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "கிம், சும்மா இரு லா. அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சவங்க மாதிரியாம்மா நடந்துக்கிறாங்க?"

அம்மா ஜெபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

கிம்பர்லி அதோடு விடவில்லை. அன்று மாலையே தேவாலயத்து இளையர்களைத் திரட்டிக்கொண்டு டோபி காட் ரத்த வங்கிக்குப் போனாள். முதல் ஆளாகக் கையை நீட்டினாள். ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும் எய்டனைக்கூட விடவில்லை. திரும்பி வந்ததும் நேராக டாக்டரிடம் போய் நின்றாள்.

"எங்க சர்ச் பிள்ளைங்க எல்லாரும் ரத்தம் குடுத்துட்டு வந்திருக்கோம். அப்பாவும் நானும் ஒரே குரூப். ஸ்டாக் இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க."

டாக்டர் சந்திரமதி அவள் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பார்த்தார். 

"ஸ்டாக் இருக்கு. ஆனா குடுக்க மாட்டேன்."

அந்த நேரம் பார்த்துத்தானா தாதி ஊசியும் குழாயுமாக ஜார்ஜிடம் வர வேண்டும்? மறுபடியும் டெஸ்ட்.

"எடுக்க மட்டும் நல்லாத் தெரியுது உங்களுக்கு!" கிம்பர்லியின் குரல் உயர்ந்தது. "குடுக்கத்தான் மனசு வரலை!"

வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டரின் முகம் சிவந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை பேசவில்லை. பதில் இல்லாதவர்கள்தான் வாயை மூடிக்கொள்வார்கள் என்பது கிம்பர்லியின் கட்சி. கிளமெண்டி வீட்டுக்குப் போனதும் போனில் ஒரு புகார் எழுதினாள். 'பாரபட்சம்' என்ற சொல்லை எத்தனை இடத்தில் போட முடியுமோ அத்தனை இடத்தில் போட்டாள். காலையில் அனுப்பிக்கொள்ளலாம் என்று வைத்தாள்.

காலையில் அவள் வார்டுக்குள் நுழைந்ததும் டாக்டர் சந்திரமதி ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"கிம்பர்லி, இறங்குது!"

"என்ன இறங்குது?"

"ரத்தம் உறையுற நேரம். முதல்ல குறைஞ்சப்போ நான் நம்பலை. மறுபடி எடுத்தோம், இன்னும் குறைஞ்சிருக்கு. ஈரல் கெட்டா ரத்தத்துல ஏறுற லாக்டேட் அமிலமும் இறங்கிடுச்சு. உங்க அப்பா கல்லீரல் தானாவே வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு. இனிமே மாத்து ஈரல் தேவைப்படாது."

மிரண்டா அப்படியே நாற்காலியில் சாய்ந்து, "மாதாவே, மாதாவே" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

கிம்பர்லிக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "பிளாஸ்மா குடுத்திருந்தா நேத்தே இறங்கியிருக்குமே!"

"இறங்கியிருக்கும். ஆனா அது தானம் குடுத்தவங்க ரத்தத்தோட கணக்கு, உங்க அப்பாவோடது இல்லை. அவர் ஈரல் பிழைக்குமா, பிழைக்காதான்னு எங்களுக்குச் சொல்ற முக்கியமான சாட்சியே அவர் ரத்தம்தான். அந்தச் சாட்சியோட வாயை நானே அடைச்சுட்டு, ஈரல் மாத்தணுமா வேண்டாமான்னு எதை வச்சு முடிவு பண்றது? அவருக்கு எங்கேயாவது ரத்தம் கசிஞ்சிருந்தா அந்த நிமிஷமே ஏத்தியிருப்பேன்."

கிம்பர்லி கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். அந்த மனிதருக்கு ஏன் பை பையாக ஏறியது என்று இப்போது யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போனை எடுத்துப் புகாரை அழித்தாள்.

"சாரி டாக்டர். ஆனா இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் அப்படிக் கத்தியிருக்க மாட்டேனே? ஈரல் மாத்தணும்ங்கிற பேச்சையே இப்பத்தான் கேள்விப்படுறேன். அத்தனை பேர் முன்னாடி திட்டு வாங்கிட்டு ஏன் சும்மா நின்னீங்க?"

டாக்டர் மிரண்டாவைப் பார்த்தார். 'இனிமேல் சொல்லலாம்' என்பதுபோல அவள் தலையசைத்தாள்.

"நினைவு தப்புறதுக்கு முன்னாடி உங்க அப்பா என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் டாக்டர். "'ரத்தம் சொல்லுற வரைக்கும் மாத்து ஈரல் பேச்சு என் மக காதுல விழ வேணாம். ஒரே குரூப்பு, தன் ஈரல்ல பாதியை வெட்டி எடுங்கன்னு வந்து நிப்பா. வேற எதுக்குச் சண்டை போட்டாலும் பொறுத்துக்குங்க டாக்டர். அந்தச் சண்டையில மட்டும் உங்களால அவளை ஜெயிக்க முடியாது.'"