பழுப்பு மாறாத கொம்பு

"பையைக் கீழ வைங்க, வில்மாம்மா."

பாதி மேட்டில், பாதை திரும்பும் இடத்துப் பாறையில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள் வில்மா. அவள் முதுகுப்பையின் வாயிலிருந்து இரண்டு மான் கொம்புகள் துருத்திக்கொண்டு நின்றன. வனக்காவலன் டஸ்டினின் கண் அவற்றின் மேலேயே இருந்தது.

"இன்னைக்கு என்ன தேதி?"

"ஏன், உன் போன்ல காட்டாதா?"

"ஏப்ரல் முப்பது. நாளைக்குக் காலைல ஆறு மணிக்குத்தான் கொம்பு பொறுக்கணும். அதுவரைக்கும் மேட்டுல எவ்வளவு வேணா நடங்க, ஒண்ணையும் எடுக்கக் கூடாது. ஊருக்கே தெரிஞ்ச சட்டம்."

"மீசை முளைச்சதும் சட்டமும் முளைச்சுடுச்சா உனக்கு?"

வயோமிங் மாநிலத்தின் அந்தப் பக்கத்து ஊர்களில் மே முதல் தேதி என்றால் திருவிழாதான். குளிர்காலத்தில் மான்கள் உதிர்த்துவிட்டுப் போன கொம்புகளைத் தேடி ஊரே குனிந்த தலையோடு மேட்டில் திரியும். ஒரு நாள் முந்தி எடுத்தவனுக்கு அங்கே ஒரே பெயர்தான், திருடன்.

டஸ்டின் ஒரு கொம்பை உருவி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரலில் ஒட்டிய நூலாம்படையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"நல்ல பழுப்பு. ஒரு வருஷம் வெயில்ல கிடந்திருந்தா வெளுத்துப் போயிருக்கும். இது இந்தக் குளிருக்கு உதிர்ந்ததுதான். இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"நான் எதுவுமே சொல்லலையே."

அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "நாளைக்குக் கர்ட் வர்றானாமே?"

"வர்றான். வீட்டை விக்கிற பத்திரத்தோட வர்றான்."

அந்தக் கதையும் ஊருக்குத் தெரியும். போன அக்டோபரில் வில்மாவின் கணவர் ஆர்லனுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. வீட்டை விற்றுவிட்டு நகரத்து முதியோர் இல்லத்துக்கு வந்துவிடுங்கள் என்று மகன் கர்ட் நச்சரிக்க ஆரம்பித்தான்.

ஆர்லன் சாப்பாட்டு மேசையைக் குத்திச் சொல்லிவிட்டார். "மே ஒண்ணாம் தேதி நானே மேட்டுல ஏறுவேன். நானே குனிஞ்சு ஒரு கொம்பு எடுத்துட்டு வருவேன். வெறுங்கையோட வந்தா, நீ நீட்டுற எடத்துல கையெழுத்துப் போடறேன்."

அன்றிலிருந்து தினமும் கோலை ஊன்றிக்கொண்டு வாசலுக்கும் வேலிக்கும் நடந்து பழகினார். விழுந்தார், எழுந்தார், கைகொடுக்க வந்தவர்களைத் திட்டினார்.

டஸ்டினுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அதானா! இன்னைக்கே பொறுக்கி ஒளிச்சு வச்சுட்டு, நாளைக்கு அவர் கையில கொடுத்துக் கர்ட் முன்னாடி நிறுத்தப் போறீங்க."

"கையில கொடுத்தா வாங்குற ஆளா அவரு? அந்தக் கொம்பாலயே என் மண்டையைப் பொளந்துடுவாரு."

"அப்போ வேற எதுக்கு?"

"சொல்ல மாட்டேன். நீ காலைல முட்டை திங்கிற கடையிலதான் அவரும் காபி குடிக்கிறாரு. உங்கிட்ட சொல்றதும் மேடை போட்டு மைக்ல சொல்றதும் ஒண்ணுதான்."

"அபராதம் எழுதுவேன், வில்மாம்மா."

"எழுது. பேனா இருக்கா, நான் தரவா?"

அறுபத்தெட்டு வயதில், டயப்பர் கட்டிய நாளிலிருந்து தெரிந்த பையன் தன்னைத் திருடியாகப் பார்ப்பது வில்மாவுக்குச் சுருக்கென்று குத்தத்தான் செய்தது. ஆனாலும் அவள் தலை குனியவில்லை. உயிரோடு இருக்கும் மனிதரை மூட்டை கட்டி அனுப்பப் பார்க்கிறார்கள், அதற்கு முன்னால் இந்த அவமானம் எம்மாத்திரம்!

"வெயில் சாயப் போகுது. சீக்கிரம் முடி. எனக்கு வேலை இருக்கு" என்றாள்.

டஸ்டின் வெளியே எடுத்த அபராதச் சீட்டுப் புத்தகத்தை மறுபடி சட்டைப்பையில் செருகினான். ஆர்லனின் வீட்டில் அவனும் எத்தனையோ நாள் சாப்பிட்டவன்.

"அபராதம் வேணாம், போங்க. ஆனா சட்டத்தை வளைக்க முடியாது. இந்த ரெண்டு கொம்பும் கீழ இறங்கக் கூடாது. மேல கொண்டுபோய்ப் போட்டுட்டுத்தான் நீங்க வீட்டுக்குப் போகணும். நானே கூட வந்து பார்ப்பேன்."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"நிஜமாத்தான். இப்பவே."

வில்மா எழுந்தாள். ஒரு கொம்பை அவன் கையிலேயே விட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டைப் பார்த்துத் திரும்பினாள்.

"அப்போ அதை நீயே தூக்கிக்கிட்டு வா. அந்தக் கோணல் ஜூனிப்பர் மரத்தடியில வைக்கணும். அவர் காலு அதுவரைக்கும்தான் ஏறும்."

டஸ்டின் நின்ற இடத்திலேயே நின்றான். கையிலிருந்த கொம்பைப் பார்த்தான். கால்சட்டையில் ஒட்டியிருந்த நூலாம்படையைப் பார்த்தான்.

"வில்மாம்மா… இதை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிக்கொண்டே சொன்னாள்.

"எங்க அண்ணன் கொட்டகையில, வெயில் படாத சுவத்துலேர்ந்து!"