ஒன்பதாவது வரிசை

கன்னிகா பதின்மூன்று கேள்விகளுக்கு 'இல்லை' என்று டிக் போட்டாள். பதினான்காவதில் நின்றுவிட்டாள்.

மதியச் சாப்பாட்டு நேரம். திருப்பதியில் அந்த ஆபீசின் மூன்றாவது மாடியில் அமெரிக்கக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறவர்கள் அறுபது பேர். பாதிப் பேர் கீழே இறங்கிவிட்டார்கள். அவளுடைய டிபன் டப்பா திறக்காமலே கிடந்தது.

அமெரிக்கக் கணக்காளர் லைசென்சுக்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. இங்கிருந்தே பரீட்சை எழுதலாம். ஆனால் எந்த மாநிலத்தின் பெயரில் எழுதுவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். மாநிலத்துக்கு ஒரு சட்டம். ஒன்று மூன்று வருடப் படிப்பு செல்லாது என்கிறது. ஒன்று அந்த நாட்டு அடையாள எண் கேட்கிறது. ஒன்றுக்கு லைசென்ஸ் உள்ள ஆள் கையெழுத்துப் போட வேண்டும்.

பக்கத்து சீட் சுரேஷ்பாபு அத்தனையையும் மாநிலத்துக்கு ஒரு வரிசையாக எக்செல்லில் ஏற்றி வைத்திருந்தான். ஆபீசில் யாரும் மாநிலத்தின் பெயரைச் சொல்வதில்லை. வரிசை எண்தான்.

நான்காவது வரிசையில் கன்னிகாவின் பி.காம். போதும். ஆறு வருட அனுபவம் போதும். ஒன்றரை வருடத்தில் லைசென்ஸ்.

ஒன்பதாவது வரிசைக்கு முதலில் எம்.காம். முடிக்க வேண்டும். மூன்றரை வருடம்.

லைசென்ஸ் வந்தால் நைனாவை வீட்டில் உட்கார வைக்கலாம். அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். சித்தூர் மாங்காய் மண்டியில் இன்னும் க்ரேட் தூக்குகிறார். ஐம்பத்தெட்டு வயது. வலது கை தோளுக்கு மேலே ஏறுவதில்லை. சட்டையை இடது கையால் தலைக்கு மேல் இழுத்துக் கழற்றுகிறார்.

"இன்னாக்கா, இன்னும் அமுக்கலியா?" பல்லைக் குத்திக்கொண்டே வந்தான் சுரேஷ்பாபு. "நாலாவது வரிசை உனக்குன்னே அளவெடுத்து தச்ச மாரி கீது. கண்ண மூடிக்கினு அமுக்கு."

அவள் கண்ணை மூடவில்லை. நான்காவது வரிசையின் பாரத்தில் அந்தப் பதினான்காவது கேள்வியை மறுபடி படித்தாள்.

எந்த வேலையிலாவது, எப்போதாவது, பொய் என்று தெரிந்தே ஒரு பதிவை எழுதியதுண்டா?

'ஆம்' என்றால் தனித் தாளில் விளக்கம் எழுதி இணைக்க வேண்டும். 'இல்லை' என்றால் அடுத்த பக்கம்.

இல்லை என்று போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அன்றைக்கும் யாருக்கும் தெரியவில்லை.

ஒன்பதாவது வரிசையின் பாரத்தில் இந்தக் கேள்வி கிடையாது. இரண்டு முறை பார்த்துவிட்டாள்.

போன் அடித்தது. நைனா.

"துன்னியாம்மா?"

"துன்னுட்டேன் நைனா."

"அந்தப் பாரம் இன்னாச்சி?"

"நெனச்சத விட ரெண்டு வருசம் ஜாஸ்தி ஆவும் போலகீது."

அந்தப் பக்கம் க்ரேட்டுகளைத் தூக்கிப் போடுகிற சத்தம் கேட்டது.

"ரெண்டு சீசன்தானே," என்றார். "தூக்கிக்கினு இருந்துட்றேன். நீ போய் வேலையப் பாரு."

கன்னிகா நான்காவது வரிசையின் பாரத்தை மூடிவிட்டு ஒன்பதாவதைத் திறந்தாள்.

"அய்யோ தேவுடா!" சுரேஷ்பாபு தலையில் கை வைத்துக்கொண்டான். "அதுல போறவன் தல நரச்சிதான் திரும்பி வருவான். பயித்தியமா உனக்கு?"

"படிக்கணும்னு ஆசை," என்றாள்.

ஒன்பதாவது பாரத்தின் முதல் பக்கம் தாய் பெயர் கேட்டது. ரத்தினம்மா என்று அடித்தாள்.

பதினோரு வருடத்துக்கு முன், கங்காதர நெல்லூர் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் இருவருக்கும் சீசன் வேலை. அம்மா மாங்காய்க் காம்பு வெட்டினாள். படித்த பெண் என்று கன்னிகாவிடம், யார் வந்தார் யார் வரவில்லை என்று குறிக்கிற ஹாஜர் புத்தகத்தைக் கொடுத்திருந்தார்கள். அங்கே ஹாஜர் சாயங்காலம்தான் போடுவார்கள். நடுவில் எழுந்து போனவளுக்கு அன்றைக்கு ஆப்சென்ட். அதுதான் வழக்கம்.

ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு பாய்லர் பக்கம் அம்மா சரிந்து விழுந்தாள். மாங்காய் இறக்கிய டெம்போவிலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். கன்னிகாவும் ஏறப் போனாள்.

"மயக்கந்தான். நீ புக்க முடிச்சிட்டு வா," என்றான் மேஸ்திரி நாகையா.

ஆறு மணிக்கு அவனே புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினான். அன்றைக்கு மட்டும் பேனாவையும் அவனே கொடுத்தான். நாற்பத்தோரு பேருக்கு பிரசென்ட் என்று 'பி' போட்டாள். அம்மா பெயருக்கு நேரே, வழக்கப்படி, 'ஏ'.

அம்மாவுக்கு நாலு மணிக்கே ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டிருந்தது. அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

வேலையில் செத்தால் ஃபேக்டரி பதில் சொல்ல வேண்டும். வேலைக்கே வராதவள் எங்கே செத்தால் அவர்களுக்கு என்ன? கூட வேலை செய்தவர்கள் சாட்சி சொல்லவில்லை; அவர்களுக்கு மறுநாளும் வேலை வேண்டியிருந்தது. நைனா நஷ்டஈடு கேட்டு ஒரு மாதம் அந்த வாசலுக்கு நடந்தார். ஒவ்வொரு முறையும் புத்தகத்தைத் திறந்து காட்டி அனுப்பினார்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. அது யார் எழுத்து என்றும் தெரியாது. இன்றைக்கு வரை தெரியாது.

அன்று காலை அம்மாவும் அவளும் ஒரே ஆட்டோவில்தான் அந்த வாசலில் வேலைக்கு வந்து இறங்கினார்கள்.