அக்ரூட் காட்டில் ஒரு தேடல்

மூன்று நாளாகத் தேடியதில் கடைசியில் திரையில் பூஜ்யம்தான் வந்தது. துணை டீன் தெமிர்குல் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நீளமாகப் பெருமூச்சு விட்டார். பாவம், இவ்வளவு படித்த மனிதருக்குத் தேடத் தெரியவில்லையே என்று சைகலுக்கு இரக்கமாக இருந்தது.

கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கில் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் அவள் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. ஆய்வுத் தரவுத்தளங்களில் தேடுவதற்கென்றே அல்மாட்டி வரை போய்ப் பயிற்சி எடுத்து வந்தவள். அந்த வித்தையை அவளிடம் கற்றுக்கொள்ள இதுவரை ஓர் ஈ காக்கைகூட வந்ததில்லை.

தெமிர்குல் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதி முடித்திருந்தார். அக்ரூட் காடுகளில் கால்நடை மேய்ந்தால் மண் என்ன ஆகும் என்பது பொருள்; எழுபத்திரண்டு இடத்தில் மண் எடுத்ததாகச் சொல்லியிருந்தார். இதை ஏற்கெனவே யாரும் எழுதவில்லை என்று காட்டும் தேடல் தாளில் நூலக முத்திரை வாங்கி, நாளை அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

பூஜ்யம் வந்த பக்கத்தையே அச்செடுத்து முத்திரை போடச் சொன்னார். சைகலுக்கு மனம் ஒப்பவில்லை. முழுத் தலைப்பையும் மேற்கோள் குறிக்குள் அடைத்துத் தேடினால் ஒரு சொல் மாறியிருந்தாலும் அகப்படாது என்று, ஐயா என்பதற்கு ‘அகாய்’ போட்டுப் பவ்யமாக எடுத்துச் சொன்னாள்.

“இதுவே போதும்மா. எனக்கு வேற வேலை இருக்கு.”

“ரெண்டே நிமிஷம் அகாய். நீங்க உக்காருங்க.”

உதவி செய்யும் வேகத்தில் அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. தலைப்பைத் துண்டு துண்டாக வெட்டினாள். மாடு, ஆடு, குதிரை மூன்றையும் ‘அல்லது’ போட்டுக் கோத்தாள். கிர்கிஸ் சொற்களோடு ருஷ்யச் சொற்களையும் சேர்த்தாள். விகுதி எதுவானாலும் சிக்கட்டும் என்று வேர்ச்சொல்லின் வாலில் நட்சத்திரக் குறி வைத்தாள். நாற்பத்தாறு வந்தது. ஆய்வேடுகள் மட்டும் போதும் என்று சலித்ததில் ஒன்று மிஞ்சியது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஓஷ் நகரத்துப் பெண் ஒருத்தி எழுதியது. சைகல் பெருமை பொங்கத் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“பாருங்க அகாய், அப்படியே உங்க விஷயம். உங்களை மாதிரியே எழுபத்திரண்டு இடத்துல மண்ணு எடுத்திருக்காங்க. மூணு நாளா நீங்க தேடுனது இதைத்தானே?”

தெமிர்குல் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“எப்படித் தேடுனா இது வராதுன்னுதான்மா மூணு நாளா தேடிக்கிட்டிருந்தேன்.”