தேன் நிற ஆயில்

"ஃபுல் சிந்தெடிக், செமி சிந்தெடிக், ரெண்டுக்கும் என்னக்கா வித்தியாசம்?"

பதினெட்டு வருடங்களுக்கு முன், அவளுடைய கார் பட்டறைக்கு முதல் தடவை வந்த டாக்ஸிக்காரன் அவளிடம் இப்படித்தான் கேட்டான். அக்கா என்று கூப்பிட்டவனையே அவள் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அவன் வண்டிக்கு எஞ்சின் ஆயில் மாற்றுவது அவள் கைதான். வேறு யாரையும் தொட விட்டதில்லை.

இன்று காலை வண்டிக்கு அடியில் படுத்து போல்ட்டைக் கழற்றியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தார் மாதிரி கறுத்து வரவேண்டிய ஆயில், தேன் நிறத்தில் இறங்கியது.

"இது நான் ஊத்தினது இல்ல. நான் ஊத்தினது செமி, நாலு மாசம் ஆச்சு. இது புத்தம்புது ஃபுல் சிந்தெடிக். யார்கிட்ட போனீங்க?"

"எங்கயும் போகல."

"அப்போ மழையா பெஞ்சு நிறைஞ்சுதா? எதிர்ல புதுசா கடை போட்டிருக்காளே, அவதானே?"

அவன் பேச்சை மாற்றினான். "செமியில சாதாரண ஆயிலும் கலந்திருக்கு இல்லையா? அது பொடிக்கல்லும் பெருங்கல்லும் சேர்ந்த மாதிரி, உரசும். ஃபுல் சிந்தெடிக் கோலிக்குண்டு மாதிரி. எல்லாம் ஒரே அளவு, உருண்டு ஓடும். சூட்டையும் தாங்கும்."

"பதினெட்டு வருஷமா மண்டையில ஏறாதது இப்போ எப்படி ஏறுச்சு? யாரு சொல்லிக் கொடுத்தா?"

"ஒருத்தங்க."

"ஒருத்தங்க! மரியாதை வேற! அழகா இருப்பாளோ?"

"இருப்பாங்க."

அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்தக் கோலிக்குண்டு தனக்குத் தோன்றவில்லையே என்று இன்னும் கொஞ்சம் எரிந்தது.

ஆயில் மாற்றியதும் வெள்ளை டேப்பில் தேதி எழுதி பானெட்டுக்குள் ஒட்டுவது அவள் வழக்கம்.

"அதையும் காப்பியடிச்சிருக்காளா, பார்த்துடறேன்!"

"வேணாம்மா, விடு." அவன் குறுக்கே வந்தான்.

அவனை ஒதுக்கிவிட்டு பானெட்டைத் தூக்கினாள்.

மூன்று புது டேப்புகள். மூன்றிலும் 'ஃபுல் சிந்தெடிக்'. போன திங்கள், அதற்கு முந்தின திங்கள், அதற்கும் முந்தின திங்கள். ஒவ்வொரு தேதியிலும், மாதத்தைக் குறிக்கும் ஏழுக்கு நடுவே ஒரு குறுக்குக்கோடு. பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் போடும் கோடு.

"இதை... நான் எப்போ எழுதினேன்?"

அவள் தோளை ஒருமுறை தட்டிவிட்டு, காலி டப்பாவை எடுத்துக்கொண்டு, இந்த மாதத்தின் நான்காவது ஆயிலை வாங்க அவன் வெளியே போனான்.