அரை ரிங்

"மறுபடியும் அரை ரிங்! என்னங்க, எனக்குப் பயமா இருக்கு."

ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவர், மனைவி நீட்டிய தன் போனை வாங்கிப் பார்த்தார். மகளின் நம்பர்தான். காலையிலிருந்து ஐந்தாவது தடவை.

"நாலு வருஷமா மூச்சு விடாதவ, இன்னிக்கு எதுக்குக் கூப்பிடணும்? நான் திருப்பி அடிச்சா கட் பண்ணிடுறா."

"பண்ணத்தான் செய்வா. 'உன் இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டல்ல, இனி என்னைக் கூப்பிடாதே'ன்னு நான்தானே கத்தினேன்?" அவர் லேஸைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார்.

"அவ கூப்பிடுறா, யாரோ போனைப் பிடுங்குறாங்க. அந்த ஆளு அடிக்கிறானோ என்னவோ!"

அவர் ரேடியோ தொலைநோக்கியில் வேலை பார்ப்பவர். விண்வெளியிலிருந்து வந்த வேகத்தில் மறையும் ரேடியோ வெடிப்புகளை ஆராய்வதுதான் பிழைப்பு. மனுஷருக்குப் பதற்றம் வந்துவிட்டால் வாயில் வேறு பேச்சே வராது.

"எங்க வெடிப்பும் இப்படித்தான். ஒரு மில்லி செகண்டுல முடிஞ்சிடும்."

"ஆமா, இப்ப அது ஒண்ணுதான் குறைச்சல்!"

"கேளேன். மைதானம் நிறைய ஆளுங்க ஒரே நேரத்துல கை தட்டினாலும், கடைசியில நிக்கிறவன் தட்டுறது லேட்டாத்தான் காதுக்கு வரும். சத்தம் இழுக்கும். 'டப்'புனு முடிஞ்சா, தட்டினது சின்ன இடம். வெளிச்சமும் மில்லி செகண்டுல முந்நூறு கிலோமீட்டர்தான் ஓடும். அதனால வெடிக்கிற இடம் அதைவிடப் பெருசா இருக்க முடியாது. வானத்துக்கு அது பொடிசு."

"அப்போ இவ பிரச்சினையும் சின்னதுங்கிறீங்களா?"

"அப்படி இல்லம்மா. அந்தப் பொடிசு ஒரு நொடிக்குள்ள கொட்டுற சக்தியைச் சூரியன் கொட்ட நாள்கணக்காகும்."

ஆறுதல் சொல்ல அவருக்கு எப்போதுமே வராது. அவள் விசும்ப ஆரம்பித்துவிட்டாள்.

"போலீசுக்குப் போகலாங்க. எம்பொண்ணு முகத்தை நான் பாக்கணும்."

"போலீசு எதுக்கு? வா, அவ வீட்டுக்கே போவோம்." வீம்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. கார் சாவியைத் தேடினார்.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

"அம்மாடி! நல்லா இருக்கியாடா? பயப்படாதே, அப்பா இதோ வந்துட்டேன்!"

எதிர்முனையில் ஒரு மழலைக் குரல் ரகசியமாகப் பேசியது.

"அம்மா குளிக்கிறாங்க, சீக்கிரம் பேசு... நீதான் போட்டோல இருக்கிற தாத்தாவா?"